பார்க்காததையும் மூளை பார்க்குமா? நனவிலிப் புலனுணர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'பார்க்கவே இல்லை', 'காதிலேயே விழவில்லை' என்று நாம் அடித்துச் சொல்லும் விஷயங்கள்கூடச் சில நேரம் மூளைக்குள் நுழைந்து வேலை செய்துவிடுகின்றன. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: விளம்பரக்காரர்கள் நம்மை ஏமாற்றுகிறார்களா, தூக்கத்தில் பாடம் கேட்டால் பதியுமா, ஆழ்மன ஆடியோ பலன் தருமா. அவற்றுக்கெல்லாம் இங்கே ஒரே இடத்தில் பதில் தர முயல்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் வேறு, ஊரெல்லாம் பேசப்படும் விஷயங்கள் வேறு. நோயாளிகளிடமும் ஆய்வகத் திரைகளிலும் கிடைத்தவைதான் நிஜமாகவே ஆச்சரியமானவை. அவற்றை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நனவிலிப் புலனுணர்வு என்றால் என்ன?

வெளியிலிருந்து ஒளியோ ஒலியோ வாசனையோ வருகிறது. புலன்கள் அதை வாங்கி மூளைக்கு அனுப்புகின்றன. மூளை அதைப் பகுத்து எதற்கோ பயன்படுத்தியும் கொள்கிறது. ஆனால் அந்த ஆளிடம் கேட்டால் ஒன்றுமே தெரியவில்லை என்கிறார். இவ்வளவுதான் விஷயம்.

ஃப்ராய்டு பேசிய நனவிலி மனத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடக்கி வைத்த ஆசை, சிறுவயதுக் காயம் என்று இங்கே எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஒரு வெளிச்சப் புள்ளி, ஓர் எண், ஒரு முகம், அவ்வளவே. ஃப்ராய்டுக்கு முன்பே, 1860களில், ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நாம் காணும் ஒவ்வொரு காட்சிக்கும் அடியில் நாம் அறியாத அனுமானங்கள் நடக்கின்றன என்று எழுதிவிட்டார்.

இதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. 1973-ல் லண்டன் குயின் ஸ்கொயரில் உள்ள தேசிய மருத்துவமனையில் ஒருவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் டி.பி. என்று மட்டுமே வரும். வலது பின்மண்டைப் பகுதியில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடந்ததால் அந்தப் பகுதியையே எடுக்க வேண்டியதாயிற்று. கண்ணிலிருந்து வரும் செய்தி மூளையின் மேற்பரப்பில் முதலில் வந்து சேரும் இடமான முதன்மைப் பார்வைப் புறணி அங்கேதான் இருக்கிறது. விளைவு, கண்கள் இரண்டும் நன்றாக இருந்தும், நேராகப் பார்த்தால் இடது பக்கம் இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸும் அவருடைய சகாக்களும் அந்தத் தெரியாத பக்கத்தில் வெளிச்சப் புள்ளியைக் காட்டி, அது எங்கே வந்தது என்று கையால் காட்டச் சொன்னார்கள். தெரியாததை எப்படிக் காட்டுவது? பரவாயில்லை, தோன்றிய இடத்தைக் காட்டுங்கள் போதும் என்றார்கள். அவர் கை பெரும்பாலும் சரியான இடத்துக்கே போனது. படுக்கைக் கோடா, நிமிர்ந்த கோடா? வட்டமா, பெருக்கல் குறியா? உருவம் போதுமான அளவு பெரிதாக இருந்தால் அதையும் சரியாகவே சொன்னார். அத்தனையும் முடிந்தபின் மதிப்பெண்ணைக் காட்டியபோது அதிகம் வியந்தவர் அவர்தான். தான் குருட்டாம்போக்கில்தான் சொன்னதாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். 1974-ல் இது வெளியானது. 'குருட்டுப்பார்வை' என்ற பெயரும் அப்போது வந்ததுதான்.

புள்ளியைத் தொடுவது சரி, அன்றாட வாழ்க்கையில் இப்படி நடக்குமா?

இதற்குப் பதில் 2008-ல் வந்தது. டி.என். என்ற நோயாளிக்கு அடுத்தடுத்து இரண்டு முறை பக்கவாதம் வந்து, மூளையின் இரு பக்கத்திலும் முதன்மைப் பார்வைப் புறணி அழிந்துபோயிருந்தது. டி.பி.யைப் போல அரைப் பார்வைகூட இல்லை, முழுக் குருடு. வெளியே போனால் கையில் தடி. பியாட்ரிஸ் டி கெல்டர் தலைமையிலான ஆராய்ச்சியாளர்கள் ஒரு நீண்ட நடைகூடத்தில் பெட்டி போன்ற பொருள்களை அங்கங்கே வைத்து, தடியில்லாமல் நடக்கச் சொன்னார்கள். வழியில் பொருள்கள் இருப்பதை அவரிடம் சொல்லவில்லை. விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒருவர் பின்னாலேயே நடந்தார்.

டி.என். ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் வந்ததும் உடலைச் சற்றுத் திருப்பி, சுவரோரமாக ஒதுங்கி, எதிலும் இடிக்காமல் மறுமுனைக்குப் போய்விட்டார். தடை எதுவும் இருந்ததாக அவருக்குத் தெரியவில்லை. ஒதுங்கி நடந்ததையும் அவர் உணரவில்லை. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இவர் குருடர் என்று நம்புவதே கஷ்டம். இந்தத் துறையில் ஒரே ஒரு சான்றை மட்டும் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மனிதர்களிடம் தெரியவருவதற்கு முன்பே இதை ஒரு குரங்கிடம் பார்த்திருந்தார்கள். ஹெலன் என்ற அந்தக் குரங்கின் பார்வைப் புறணியை வைஸ்கிரான்ட்ஸின் ஆய்வகத்தில் ஏறக்குறைய முழுவதுமாக அகற்றியிருந்தார்கள். நிக்கோலஸ் ஹம்ஃப்ரி அதனோடு ஆண்டுக்கணக்கில் பழகி, கயிற்றில் பிடித்தபடி கேம்பிரிட்ஜ் பக்கத்து வயல்வெளிகளில் நடக்கக் கூட்டிப்போனார். கடைசியில் அது பொருள்கள் இறைந்து கிடக்கும் அறையில் எதிலும் மோதாமல் ஓடித் தரையில் கிடக்கும் உலர்திராட்சையைப் பொறுக்கும் அளவுக்குத் தேறியது.

பார்வைப் புறணியே இல்லாமல் செய்தி எந்த வழியாகப் போகிறது?

கண்ணிலிருந்து மூளைக்கு ஒரே ஒரு பாதைதான் என்று நினைத்தால் இது புரியாது. பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தாலமஸ் என்ற நடுப்பகுதிக்குப் போய், அங்கிருந்து பின்மண்டையின் பார்வைப் புறணிக்குச் செய்தியை அனுப்புகின்றன. இது ராஜபாட்டை. இன்னொரு சிறு பங்கு நடுமூளையின் மேற்புறத்தில் இருக்கும் சின்ன மேடுகளுக்குப் போகிறது. மீனும் தவளையும் பெரும்பாலும் இதற்கு இணையான பகுதியை வைத்துத்தான் இரையைக் குறிபார்க்கின்றன. நம்மிடம் அது ஒழிந்துபோகவில்லை. ஓரக்கண்ணில் ஏதாவது அசைந்தால் சட்டென்று கண் அந்தப் பக்கம் திரும்புகிறதே, அதில் இந்த மேடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் குருட்டுப்பார்வைக்கு இந்தப் பழைய பாதை மட்டும்தான் காரணமா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 2010-ல் குரங்குகளில் நடந்த ஓர் ஆய்வில், முதன்மைப் புறணி சிதைந்திருந்தும் பார்வைத் திறன் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. தாலமஸின் பார்வை முடிச்சையும் தற்காலிகமாக முடக்கியதும் அந்த மிச்சமும் போய்விட்டது. அப்படியென்றால், அந்த முடிச்சிலிருந்து முதன்மைப் புறணியைத் தொடாமல் மற்ற பார்வைப் பகுதிகளுக்கு நேராகப் போகும் குறுக்குவழிக்கும் முக்கியமான பங்கு இருக்கிறது.

கண் சம்பந்தப்பட்ட நோயாளிகளிடம் மட்டும்தான் இது தெரியுமா?

இல்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்குக் கண்ணில் கோளாறு இருக்காது, ஆனால் இடது பக்கத்து உலகம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. இடது பாதித் தட்டில் இருக்கும் சோறு அப்படியே கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு பெண்மணியிடம் மார்ஷல், ஹாலிகன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். 1988-ல் வெளிவந்த ஆய்வு இது. இரண்டும் ஒரே வீடுதான், ஆனால் ஒன்றின் இடது பக்கம் தீப்பிடித்து எரிகிறது. வித்தியாசம் உண்டா என்று கேட்டால், இல்லை, இரண்டும் ஒன்றே என்றார். எந்த வீட்டில் குடியிருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டால் அது என்ன அசட்டுக் கேள்வி என்று நினைத்தார். ஆனாலும் பெரும்பாலான முறை தீயில்லாத வீட்டையே காட்டினார்.

மூளையில் எந்தப் பாதிப்பும் இல்லாத நம்மிடம் இதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

மறைத்துக் காட்டும் உத்திதான் அதிகம் பயன்படுகிறது. ஒரு வார்த்தையைத் திரையில் சில மில்லிவினாடி காட்டி, உடனே அதே இடத்தில் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலைப் போட்டுவிட்டால், முதலில் வந்த வார்த்தை நம் கவனத்துக்கு வருவதில்லை. பின்னால் வருவது முன்னால் வந்ததை அழித்துவிடுகிறது.

பாரிஸில் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனின் குழு 1998-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். நீங்கள் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு கையிலும் ஒவ்வொரு பொத்தான். திரையில் தெரியும் எண் 5-ஐவிடப் பெரிதென்றால் ஒரு கை, சிறிதென்றால் மறு கை. ஓர் எழுத்துக் குவியல் மின்னும், பிறகு இன்னொன்று மின்னும், பிறகு '9' வரும், பொத்தானை அழுத்துவீர்கள். உங்களைப் பொறுத்தவரை அவ்வளவுதான் நடந்தது. உண்மையில் இரண்டு குவியலுக்கும் நடுவே 43 மில்லிவினாடிக்கு இன்னோர் எண் வந்துபோயிருக்கிறது. அந்த எண்ணும் 5-ஐவிடப் பெரிதாக இருந்தால் உங்கள் கை கொஞ்சம் வேகமாக அழுத்தும். அது '1' ஆக இருந்தால் கொஞ்சம் தாமதிக்கும். வித்தியாசம் மொத்தமே 20, 30 மில்லிவினாடிதான். முதலில் வந்தது '4' என்ற குறியாகவும், பின்னால் வந்தது 'ஒன்று' என்ற எழுத்தாகவும் இருந்தால்கூட இது நடந்தது. அதாவது உருவ ஒற்றுமை மட்டும் இதற்குக் காரணமில்லை. அளவு என்ற பொருள்வரைக்கும் மூளை போயிருக்கிறது.

இதைவிடச் சுவாரஸ்யம், மூளை அலைப் பதிவில் தெரிந்தது. மறைந்திருந்த எண்ணுக்கு ஏற்ற கையை அசைக்க மூளையின் இயக்கப் பகுதி தயாராகத் தொடங்கியிருந்தது. அது தவறான கையாக இருந்தால், நிஜ எண் வந்தபின் அந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டியிருக்கிறது. தாமதம் அங்கேதான் வருகிறது.

தெரிந்து பார்ப்பதற்கும் தெரியாமல் பார்ப்பதற்கும் மூளையில் என்ன வேறுபாடு?

2001-ல் அதே குழு ஸ்கேன் செய்து பார்த்தது. மறைக்கப்பட்ட வார்த்தை இடது மூளையின் அடிப்புறத்தில், எழுத்துகளைப் படிக்கும் பகுதியைத் தூண்டியது. ஆனால் மெலிதாக, அந்தப் பகுதியோடு ஏறக்குறைய அடங்கிவிட்டது. தெரிந்த வார்த்தையோ அந்த இடத்தைப் பல மடங்கு அதிகமாகத் தூண்டியதோடு, முன்மூளைக்கும் உச்சிப் பகுதிக்கும் பரவியது.

இதை வைத்து ஒரு கோட்பாடு இருக்கிறது. பெர்னார்ட் பார்ஸ் 1988-ல் முன்வைத்து, டெஹேன் வளர்த்தெடுத்தது. ஒரு செய்தி மூளையின் தொலைதூரப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒலிபரப்பானால்தான் அது நனவுக்கு வந்ததாக அர்த்தம். உள்ளூரிலேயே அடங்கிவிட்டால் அது வேலை செய்யும், ஆனால் நமக்குத் தெரியாது. எல்லோரும் இதை ஏற்கவில்லை. முன்மூளையின் பங்கு, பார்த்ததைச் சொல்வதற்குத்தானே தவிரப் பார்ப்பதற்கு அல்ல என்று வாதிடுபவர்களும் வலுவாகவே இருக்கிறார்கள்.

பயமுறுத்தும் முகத்தை நாம் பார்ப்பதற்கு முன்பே மூளை பார்த்துவிடுமாமே?

இது பாதி உண்மை. 1998-ல் பால் வேலன் குழு பயந்த முகங்களை 33 மில்லிவினாடி காட்டி, உடனே சாதாரண முகத்தால் மறைத்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் பயந்த முகம் எதையும் கண்டதாகச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய அமிக்டலா அதிகமாகத் தூண்டப்பட்டது. அமிக்டலா என்பது ஆபத்து, உணர்ச்சி சம்பந்தமான செய்திகளில் பங்கெடுக்கும், காதுக்கு நேர் உட்புறமாக மூளையின் ஆழத்தில் இருக்கும் பாதாம் வடிவப் பகுதி. மேலே சொன்ன டி.என்.னுக்கும் உணர்ச்சி காட்டும் முகங்களுக்கு வலது அமிக்டலா தூண்டப்பட்டதை 2005-ல் பதிவு செய்திருக்கிறார்கள்.

சந்தேகம் வருவது அடுத்த படியில். கண்ணிலிருந்து அமிக்டலாவுக்குத் தனி அவசரப் பாதை இருக்கிறது என்று பாடப்புத்தகங்களில்கூட அம்புக்குறி போட்டிருப்பார்கள். எலிகளில், ஒலியைப் பொறுத்தவரை, அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மனிதப் பார்வைக்கு அதை அப்படியே நீட்டுவது சரியில்லை என்று 2010-ல் பெசோவாவும் அடால்ஃப்ஸும் விரிவாக எழுதினார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதலாகப் படுகிறது.

சினிமா தியேட்டரில் கண்ணுக்குத் தெரியாத விளம்பரம் போட்டு பாப்கார்ன் விற்ற கதை உண்மையா?

பொய். ஆனால் எவ்வளவு நன்றாகச் சொல்லப்பட்ட பொய்! 1957-ல் ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் நிருபர்களைக் கூட்டி அறிவித்தார்: நியூஜெர்சி மாநிலத்தின் ஃபோர்ட் லீ ஊர்த் தியேட்டரில் ஆறு வாரம், படம் ஓடும்போது 5 வினாடிக்கு ஒரு முறை, ஒரு வினாடியில் 3000-ல் ஒரு பங்கு நேரம், பாப்கார்ன் சாப்பிடச் சொல்லியும் கோக்க கோலா குடிக்கச் சொல்லியும் திரையில் காட்டினாராம். பாப்கார்ன் விற்பனை 57 சதவீதத்துக்கு மேலும், கோலா விற்பனை 18 சதவீதமும் ஏறியதாம்.

நாடே அலறியது. யாரும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை: கணக்கு எங்கே? விக்காரி கடைசிவரை அதை வெளியிடவே இல்லை. 1962-ல் ஒரு விளம்பரத் தொழில் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், எதையும் நிரூபிக்கும் அளவுக்குத் தன்னிடம் தரவு இல்லை என்றும் அதெல்லாம் வெறும் ஜிமிக், அதாவது கவனம் ஈர்க்கும் தந்திரம் என்றும் ஒப்புக்கொண்டார். மறுப்பை யார் படித்தார்கள்? கதை மட்டும் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

இதற்கிடையில் 1958-ல் கனடா நாட்டுத் தொலைக்காட்சி, சிபிசி, தானே சோதித்துப் பார்த்தது. ஒரு நிகழ்ச்சியில் 'இப்போதே ஃபோன் செய்யுங்கள்' என்ற செய்தியை 352 முறை மின்னவிட்டார்கள். தொலைபேசி அழைப்புகள் கூடவே இல்லை. ரகசியச் செய்தி என்னவென்று ஊகித்து எழுதும்படி நேயர்களைக் கேட்டபோது, கடிதம் போட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தங்களுக்குப் பசித்ததாகவும் தாகமெடுத்ததாகவும் எழுதினார்கள். பாப்கார்ன் கதையின் வேலை அது.

அப்படியானால் மறைமுகமான எதுவும் நம் விருப்பத்தை மாற்றுவதே இல்லையா?

மாற்றும், கொஞ்சம். 1980-ல் குன்ஸ்ட்-வில்சனும் சயான்ஸும் ஒழுங்கற்ற எண்கோண உருவங்களை ஒரே ஒரு மில்லிவினாடி காட்டினார்கள். பிறகு பழைய உருவம் ஒன்று, புதியது ஒன்று என ஜோடியாக வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்டால் பதில் 48 சதவீதம்தான் சரி, அதாவது பூவா தலையா போட்டதற்குச் சமம். எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் 60 சதவீதம் பழைய உருவத்தையே காட்டினார்கள். பார்த்த நினைவில்லை, ஆனால் பிடிக்கிறது.

2006-ல் நெதர்லாந்தில் காரெமன்ஸ் குழு ஒரு குளிர்பானத்தின் பெயரைத் திரையில் மறைத்துக் காட்டியது. ஏற்கனவே தாகமாக இருந்தவர்கள் மட்டும் அந்தப் பானத்தைச் சற்று அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். தாகமில்லாதவர்களிடம் ஒன்றும் நடக்கவில்லை. இல்லாத ஆசையை இப்படி உண்டாக்க முடியாது. இருக்கும் ஆசையை லேசாக ஒரு பக்கம் சாய்க்கலாம், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. என் கணிப்பில், பஸ் முழுக்க ஒட்டியிருக்கும் பட்டப்பகல் விளம்பரம் இதைவிட நூறு மடங்கு பலமானது. நம்மை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

யூடியூபில் வரும் 'ஆழ்மனப் பதிவு' ஆடியோக்கள் பலன் தருமா? கடல் அலைச் சத்தத்துக்கு அடியில் கேட்காத குரலில் நல்ல வாக்கியங்கள் இருக்குமாமே.

1991-ல் ஆண்டனி கிரீன்வால்டும் சகாக்களும் இதை அழகாகச் சோதித்தார்கள். அமெரிக்கக் கடைகளில் அப்போது இத்தகைய கேசட்டுகள் சக்கைப்போடு போட்டன. நினைவாற்றலுக்கு ஒரு வகை, தன்னம்பிக்கைக்கு ஒரு வகை. பாதிப் பேருக்கு லேபிளை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் தினமும் கேட்டபின் சோதித்தால், உள்ளே இருந்த செய்தியால் நினைவாற்றலும் கூடவில்லை, தன்னம்பிக்கையும் கூடவில்லை. ஆனால் பலர் லேபிளில் எழுதியிருந்தது தங்களிடம் முன்னேறிவிட்டதாகவே நம்பினார்கள். தன்னம்பிக்கைக் கேசட்டை நினைவாற்றல் என்று எண்ணிக் கேட்டவர் தனக்கு நினைவாற்றல் கூடியது என்றார்.

அலைச் சத்தம் இதமாக இருந்தால் கேளுங்கள். காசு கொடுக்க வேண்டாம்.

நம் முடிவுகளில் 95 சதவீதம் ஆழ்மனம்தான் எடுக்கிறது என்கிறார்களே?

அப்படி யாரும் அளந்ததில்லை. ஒரு முடிவை எத்தனை துண்டாக வெட்டி எண்ணுவது என்றே யாருக்கும் தெரியாதபோது சதவீதம் எங்கிருந்து வரும்?

முதுமை பற்றிய வார்த்தைகளைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்களாம். அது?

1996-ல் ஜான் பார்க் குழு வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு. மாணவர்களுக்கு வார்த்தைகளை வாக்கியமாக அடுக்கும் பயிற்சி கொடுத்து, சிலருக்கு மட்டும் முதுமையை நினைவூட்டும் வார்த்தைகளைக் கலந்திருந்தார்கள். பிறகு அந்த மாணவர்கள் தாழ்வாரத்தில் மெதுவாக நடந்தார்கள் என்பது முடிவு. மேலே பார்த்த சோதனைகளோடு இதைச் சேர்க்கக் கூடாது. இங்கே வார்த்தைகள் நன்றாகவே தெரிந்தன, அவற்றின் தாக்கம்தான் தெரியவில்லை என்பது வாதம்.

2012-ல் பெல்ஜியத்தில் டோயன் குழு இதைத் திரும்பச் செய்தது, ஆனால் நடையை அகச்சிவப்புக் கருவியால் அளந்தது. விளைவைக் காணோம். மெதுவாக நடப்பார்கள் என்று சோதனை நடத்துபவர்களிடமே முன்கூட்டிச் சொல்லிவைத்தபோதுதான் மெதுவான நடை தென்பட்டது. அதே ஆண்டு பிரபல உளவியலாளர் டேனியல் கானமன் இந்தத் துறை ஆராய்ச்சியாளர்களுக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதி, உங்கள் முடிவுகளை நீங்களே திரும்பச் சோதித்துக் காட்டுங்கள் என்றார். அவரே இந்த ஆய்வுகளை ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவர் என்பதால் அது சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு இந்த வகை ஆய்வுகள் பல மறுசோதனையில் தேறவில்லை. எண்களை மறைத்துக் காட்டும் வகை ஓரளவு தாக்குப்பிடித்து நிற்கிறது.

ஒருவர் 'பார்க்கவில்லை' என்று சொன்னால் அதை எப்படி நம்புவது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இந்தத் துறையின் பாதிச் சண்டை இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

1884-லேயே சார்லஸ் பர்ஸும் ஜோசஃப் ஜாஸ்ட்ரோவும் இதில் மாட்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு எடைகளில் எது கனம் என்று தங்களையே சோதித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் எவ்வளவு நிச்சயம் என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். '0', அதாவது வித்தியாசமே தெரியவில்லை என்று போட்ட பதில்களிலும் சுமார் ஐந்தில் மூன்று சரியாக இருந்தன. தெரியாமல் தெரிந்தது என்று இதைக் கொண்டாடலாம். ஆனால் மங்கலாக ஏதோ தெரிந்தும், 1 போடும் அளவுக்குத் துணிவு வராமல் 0 போட்டிருக்கலாமே? பரீட்சையில் விடை தெரிந்தும் கை தூக்காத பையன் எல்லா வகுப்பிலும் இருக்கிறான்.

அதனால் பின்னால் வந்தவர்கள் கடுமையான விதி வைத்தார்கள்: சொல்வதைக் கேட்காதே, இருந்ததா இல்லையா என்று நூற்றுக்கணக்கான முறை ஊகிக்கச் சொல், பாதிக்குப் பாதிதான் சரி என்றால் மட்டும் 'பார்க்கவில்லை' என்று எடுத்துக்கொள். இந்த விதியைப் போட்டதும் பல பிரபலமான முடிவுகள் ஆட்டம் கண்டன. குருட்டுப்பார்வையையே இயன் பிலிப்ஸ் என்ற தத்துவ அறிஞர் 2021-ல் கேள்விக்குள்ளாக்கினார். அந்த நோயாளிகளுக்குப் பார்வை அடியோடு இல்லாமல் போகவில்லை, மிகவும் மங்கிச் சிதைந்து, பார்வை என்றே அவர்கள் சொல்லத் துணியாத நிலையில் இருக்கிறது என்கிறார். சில நோயாளிகள் 'ஏதோ அசைந்தது போல் ஒரு உணர்வு' என்று சொல்வது உண்மைதான். நடைகூடத்தில் டி.என். நடந்ததற்கு இந்த விளக்கம் போதுமா என்றால், எனக்குப் போதவில்லை.

சந்தைக் கூச்சலிலும் நம் பெயர் மட்டும் காதில் விழுகிறதே, இதுவும் அதுதானா?

அதற்குப் பக்கத்து வீடு. 1959-ல் நெவில் மோரே என்ற ஆராய்ச்சியாளர், சோதனைக்கு வந்தவர்களை ஒரு காதில் வரும் பேச்சைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கச் செய்து, மறு காதில் அவர்கள் பெயரைச் சொல்லிப் பார்த்தார். மூன்றில் ஒருவர்தான் கவனித்தார். எல்லோருக்கும் விழும் என்பது நம் நினைப்பு. 2001-ல் வந்த இன்னோர் ஆய்வு, மனத்தில் ஒரே நேரத்தில் அதிக விஷயங்களை வைத்திருக்க முடியாதவர்களே தங்கள் பெயரை அதிகம் கவனித்தார்கள் என்று காட்டியது. சொன்ன வேலையில் ஒன்றியவர்கள் தங்கள் பெயரையே கோட்டை விட்டார்கள்.

ஆனால் கவனிக்காத காதில் வந்ததை மூளை ஓரளவாவது பகுக்காமல், அது உங்கள் பெயர் என்று எப்படித் தெரிந்து உங்களைத் திருப்பும்? அந்த அளவுக்கு இது நம் விஷயத்தோடு சேர்ந்ததுதான்.

தூங்கும்போது மூளை கேட்கிறதா? பாடத்தை ஒலிக்கவிட்டுத் தூங்கினால் மனப்பாடம் ஆகுமா?

கேட்கிறது. 2014-ல் சிட் குய்தேர் குழு பாரிஸில் நடத்திய சோதனையில், கேட்கும் வார்த்தை விலங்கென்றால் ஒரு கை, பொருளென்றால் மறு கை என்று பொத்தான் அழுத்தச் சொல்லி, அப்படியே தூங்கவிட்டார்கள். தூங்கியபின் புது வார்த்தைகளைச் சொன்னபோதும், சரியான கைக்கு உரிய மூளைப் பகுதி அழுத்தத் தயாரானது மூளை அலையில் தெரிந்தது. கை அசையவில்லை. எழுந்தபின் அந்த வார்த்தைகள் நினைவில் இல்லை.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2012-ல் அனத் அர்சி குழு, தூங்குபவர்களுக்கு ஒரு ஒலியோடு நல்ல வாசனையையும், இன்னொரு ஒலியோடு கெட்ட வாசனையையும் சேர்த்துக் கொடுத்தது. விழித்தபின் வாசனையே இல்லாமல் முதல் ஒலியைக் கேட்டால் மூச்சை ஆழமாக இழுத்தார்கள், இரண்டாவதுக்குக் குறைவாக. ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் புதிதாகப் பதிவது இந்த ரகம்தான். திருக்குறளோ தனிம அட்டவணையோ இப்படி ஏறாது. பாடம் ஓடவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்தால், பகலில் படித்ததும் சரியாகப் பதியாது.

எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதத்துக்குப் பின் ஒரு பக்கம் பார்வை போய்விட்டது. ஆனால் அந்தப் பக்கம் வைத்த டம்ளரில் கை படாமல் ஒதுங்குகிறார். குருட்டுப்பார்வையா?

வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது. பார்வைப் பரப்பில் அங்கங்கே கொஞ்சம் பார்வை மிஞ்சியிருக்கலாம். கண்ணையோ தலையையோ லேசாகத் திருப்பி நல்ல பக்கத்தால் பார்த்திருக்கலாம். இதுதான் அதிகம் நடக்கும், பலருக்குத் தாங்கள் திருப்புவதே தெரியாது. டி.பி. போன்றவர்களை ஆராய்ந்தபோது கண் எந்தப் பக்கமும் நகராமல் பார்த்துக்கொண்டுதான் சோதித்தார்கள். கண் மருத்துவரிடம் பார்வைப் பரப்பு சோதனை செய்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியும்.

எதுவாக இருந்தாலும் அதை நம்பி அவரைத் தனியே ரோட்டைக் கடக்கவிட வேண்டாம். மருத்துவர் அனுமதிக்கும்வரை ஸ்கூட்டர், கார் எதுவும் வேண்டாம். டம்ளரில் கை படாமல் ஒதுங்குபவர் வேகமாக வரும் லாரிக்கும் ஒதுங்குவார் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. பார்வை இல்லாத பக்கம் அடிக்கடி கண்ணைத் திருப்பித் துழாவும் பயிற்சி பல மறுவாழ்வு மையங்களில் தருகிறார்கள். அது அன்றாட நடமாட்டத்துக்கு உதவும். குருட்டுப் பக்கத்தில் அசையும் புள்ளிகளைக் காட்டிப் பல மாதம் பயிற்சி கொடுத்தால் பார்வை சிறிது மீள்வதாகவும் ஆய்வுகள் உண்டு, ஆனால் அது இன்னும் எல்லா மருத்துவமனையிலும் கிடைக்கும் சிகிச்சை இல்லை.

புதிதாக ஒரு பக்கம் பார்வை மங்கினாலோ, வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ இதையெல்லாம் சோதித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.